மூன்றாம் வேற்றுமை: பெண்கள் ரக்பியும் விளம்பரப் பணமும்

‘பெருநிறுவனங்களின் ஆதரவால் பெண்கள் ரக்பி வேகமாக வளர்ந்து வருகிறது.’ இந்த வாக்கியத்தைச் சிற்சில சொல்மாற்றங்களோடு கடந்த நாலைந்து வருஷங்களில் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. விளையாட்டுப் பக்கங்களில் வரும். நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் வரும். மகளிர் தினத்தையொட்டி வெளியாகும் விளம்பரங்களில் தவறாமல் வரும். 2025 செப்டம்பர் 27 அன்று லண்டன் ட்விக்கனம் மைதானத்தில் உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்தது. இங்கிலாந்து 33, கனடா 13. பார்க்க வந்தவர்கள் 81,885 பேர். பெண்கள் ரக்பி ஆட்டம் எதற்கும் அதற்கு முன்னால் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. அடுத்து வந்த நாட்களில் இந்த வாக்கியம் அடைமழையாகப் பெய்தது.

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாக்கியத்தைப் பார்த்ததும் வேற்றுமை உருபைத் தேடுவோம். ‘ஆதரவால்’ என்பதிலுள்ள ‘ஆல்’ மூன்றாம் வேற்றுமை. அதற்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி எனப் பொருள் மூன்று. கருத்தாவிலும் இரண்டு: ஏவுதல் கருத்தா, இயற்றுதல் கருத்தா. அரசனால் கோயில் கட்டப்பட்டது என்றால் அரசன் ஏவினான். தச்சனால் கட்டப்பட்டது என்றால் தச்சன் இயற்றினான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த விஷயம்தான். கல்வெட்டில் பெரும்பாலும் யார் பேர் நிற்கிறது என்பதும் நமக்குத் தெரியாததல்ல.

பெண்கள் ரக்பியைப் பொறுத்தமட்டில் பெருநிறுவனப் பணம் இயற்றுதல் கருத்தாவும் அல்ல, ஏவுதல் கருத்தாவும் அல்ல. வெகுகாலம் அது உடனிகழ்ச்சியாகக்கூட இருக்கவில்லை என்பது என் வாதம். ஆனால் இதைச் சொன்ன கையோடு, ‘ஆகவே இந்தப் பணமே வேண்டாம், விளையாட்டு சரக்காகிவிட்டது’ என்று நம் தோழர்கள் வழக்கமாகப் போய்ச்சேரும் இடத்துக்கு நான் போகப் போவதில்லை. அந்த வழியில் வேறொரு பள்ளம் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

*

முதல் பெண்கள் ரக்பி உலகக் கோப்பை 1991 ஏப்ரலில் வேல்ஸில் நடந்தது. நடத்தியவர்கள் லண்டன் ரிச்மண்ட் கிளப்பைச் சேர்ந்த நாலு பெண்கள்: டெபரா கிரிஃபின், சூ டாரிங்டன், ஆலிஸ் கூப்பர், மேரி ஃபோர்சித். பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டே, மிச்ச நேரத்தில் 12 நாட்டு அணிகளை வரவழைத்தார்கள். சர்வதேச ரக்பி வாரியத்தின் அங்கீகாரம் கிடையாது. கம்பெனி கம்பெனியாகக் கேட்டுப் பார்த்தும் புரவலராக வர ஒருத்தரும் தயாரில்லை. பணம் திரட்டும் பொறுப்பு டாரிங்டனுக்கு. அவரே இங்கிலாந்து அணியின் ஆட்டக்காரரும்கூட. நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதிய கை காய்வதற்குள் ஸ்க்ரம்மின் முன்வரிசையில் போய்த் தோள் கொடுக்க வேண்டும்.

சோவியத் அணியின் கதை இன்னும் விசேஷம். நாட்டுப் பணத்தை வெளியே கொண்டுவர முடியாத நிலை. எனவே அந்தப் பெண்கள் வோட்கா, கேவியார், பொம்மை என்று விற்கக்கூடிய சரக்கை மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். கார்டிஃபில் விற்றுச் செலவைச் சமாளிப்பது திட்டம். சுங்க அதிகாரிகள் விசாரிக்க வந்துவிட்டார்கள். கடைசியில் உள்ளூர்க்காரர்கள்தான் இரக்கப்பட்டு உதவினார்கள். ரக்பிக்காரர்கள் இதை எப்போதும் சிரிப்புக் கதையாகவே சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வருஷக் கடைசியில் அந்த அரசே இல்லாமல் போனது. இடிந்துகொண்டிருக்கும் ஒரு நாட்டிலிருந்து, தம் அரசும் உலக வாரியமும் சந்தையும் ஒருசேரக் கைவிட்ட நிலையில், பந்தாட வந்த பெண்கள் தலைச்சுமை வியாபாரிகளாக நின்றார்கள். பெண்கள் ரக்பி உலகக் கோப்பையின் முதல் ‘வணிகக் கூட்டாளி’ யாரென்று கேட்டால் அந்த வோட்கா போத்தல்களைத்தான் காட்டுவேன். அங்கே விற்றவர்களும் ஆடியவர்களும் ஒரே ஆட்கள்.

கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் நடந்த இறுதியாட்டத்தில் அமெரிக்கா 19-6 என்று இங்கிலாந்தை வென்றது. கணக்கு நட்டத்தில் முடிந்தது. அடுத்தது 1994. நெதர்லாந்தில் நடப்பதாக இருந்தது. வாரியம் அங்கீகரிக்குமா என்ற இழுபறியில் அவர்கள் பின்வாங்கினார்கள். ஸ்காட்லாந்துப் பெண்கள் மூன்றே மாத அவகாசத்தில் அதைத் தூக்கி நடத்தினார்கள். வாரியத்தின் ஒப்புதலோடு நடந்த முதல் போட்டி 1998இல் ஆம்ஸ்டர்டாமில். 1991, 1994 போட்டிகளை ‘உலகக் கோப்பை’ என்று வாரியம் தன் ஏட்டில் சேர்த்துக்கொண்டது 2009இல். ஆடி முடித்து 18 வருஷம் கழித்துத்தான் ஆடினார்கள் என்பதையே ஒத்துக்கொண்டார்கள். வரலாறு என்பது யார் ஏட்டில் எழுதப்படுகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் வேண்டுமா? (கிரிஃபின் 2025 ஆகஸ்டில் இங்கிலாந்து ரக்பி சங்கத்தின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். சங்கம் இதைத் தன் முற்போக்குக்குச் சான்றாகச் சொல்லிக்கொள்கிறது. சொல்லிக்கொள்ளட்டும்.)

இந்த இருபது முப்பது வருஷ உழைப்பை எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் காண முடியாது. வேலைக்கு லீவு போட்டு, சம்பளத்தை விட்டு, பஸ்ஸுக்குக் காசு பிரித்து, அழுக்குச் சட்டையைத் தாங்களே துவைத்து, தாங்களே நடுவராகி, தாங்களே செயலாளராகி... 2014இல் ஃபிரான்ஸில் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியில் பள்ளி ஆசிரியை இருந்தார். கால்நடை மருத்துவர் இருந்தார். வீட்டு வேலையைப் பொருளாதாரம் எப்படிக் கணக்கில் எடுக்காமல் விட்டதோ அப்படித்தான் இதையும் விட்டது. இப்படி இலவசமாகச் சேர்ந்து கிடந்த மூலதனத்தின்மேல் பின்னால் வந்து பெயர்ப்பலகை நட்டவர்கள், ‘எங்களால் வளர்ந்தது’ என்கிறார்கள்.

*

இப்போது அந்தப் பள்ளத்துக்கு வருகிறேன்.

மேலே சொன்னதைப் படித்ததும் நம்மில் பலருக்கு ஒரு நெகிழ்ச்சி வரும். ஆஹா, காசு கலக்காத, அன்பினால் ஆன விளையாட்டு! அதைக் கம்பெனிக்காரன் வந்து கெடுத்துவிட்டானே! இந்த நெகிழ்ச்சிக்கு ஒரு வர்க்கப் பிறப்பு உண்டு. 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் வட இங்கிலாந்தின் கிளப்புகள் கூடித் தலைமைச் சங்கத்திலிருந்து பிரிந்தன. பிரச்சினை என்ன? சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்த ஆட்டக்காரர்கள், ஆட்டத்துக்காக இழக்கிற கூலியை ஈடுகட்டித்தரச் சொன்னார்கள். அவ்வளவுதான். தெற்கத்திக் கனவான்கள் மறுத்தார்கள். விளையாட்டுக்குக் காசு வாங்குவது அசிங்கம் என்றார்கள். சொத்து வருமானத்தில் சாப்பிடுகிறவனுக்கு சனிக்கிழமைக் கூலி ஒரு பொருட்டா? ‘காசு தொடாத தூய விளையாட்டு’ என்ற கதையாடல் கூலிக்காரனைக் களத்துக்கு வெளியே நிறுத்தக் கட்டப்பட்ட வேலி. அந்த வேலியை ஆண்களுக்காக 1995 ஆகஸ்டில் வாரியமே பிடுங்கிப் போட்டது. பெண்களுக்கு மட்டும் அது மேலும் இருபது வருஷத்துக்கு மேல் நின்றது. ஆண்களிடம் காலாவதியான அறத்தைப் பெண்கள் சுமந்துகொண்டிருந்தார்கள். பெண்கள்மேல் ஏற்றப்படும் எல்லாத் தூய்மைகளுக்கும் இதுதானே கதி.

இந்த வாசகர்களிடம் இதைச் சொல்லாமல் விட முடியாது. சிறுபத்திரிகை உலகமும் இதே அமெச்சூர் சித்தாந்தத்தில்தான் நடக்கிறது. காசு வாங்காமல் எழுதுவதை நாம் கற்பு மாதிரிப் போற்றுகிறோம். மனைவியின் நகையை அடகு வைத்து இதழ் நடத்திய தியாகக் கதைகள் நம்மிடம் ஏராளம். நகை யாருடையது என்று அந்தக் கதைகளில் யாரும் கேட்பதில்லை. சம்பளமில்லாமல் இலக்கியம் செய்ய முடிந்தவர்கள் யார்? வங்கியிலோ கல்லூரியிலோ அரசு அலுவலகத்திலோ வேலை உள்ளவர்கள். விளம்பரம் வாங்காத பத்திரிகை என்று மார் தட்டிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தத் தட்டலை ஒரு பெண் ஆட்டக்காரரிடம் போய் உபதேசமாகச் செய்யாதீர்கள். அவருக்கு முழங்கால் தசைநார் அறுந்தால் மருத்துவச் செலவை யார் ஏற்பது என்பது தத்துவக் கேள்வி அல்ல.

தவிர, பணம் தீண்டாத ஆதிகாலம் ஒன்று இருந்ததாக நினைப்பதும் பிழை. 1917 டிசம்பரில், ஆண்கள் யுத்தத்தில் இருந்தபோது, இதே கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் கார்டிஃப் பெண்களும் நியூபோர்ட் பெண்களும் ரக்பி ஆடினார்கள். கார்டிஃப் அணியினர் ஹான்காக் என்ற பீர் ஆலையின் தொழிலாளிகள். யுத்தம் முடிந்ததும் பெண்களுக்கு ஆலையும் போயிற்று, ஆட்டமும் போயிற்று. டென்னிஸில் 1970இல் ஹூஸ்டனில் ஒன்பது பெண்கள் ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனியே போனார்கள். பரிசுப் பணத்தில் ஆண்களுக்குக் கிடைப்பதில் சின்னத் துணுக்குத்தான் இவர்களுக்கு என்ற அவமானம் காரணம். அவர்களுக்குப் பண உதவி செய்ய முன்வந்தது ஒரு சிகரெட் கம்பெனி. பெண்களுக்கென்றே தயாரித்த வர்ஜீனியா ஸ்லிம்ஸ் சிகரெட்டை விற்க அவர்களுக்கு ஒரு விடுதலைக் கதை தேவைப்பட்டது. ஆண்களின் சங்கம் கதவைச் சாத்தும்போது பக்கத்துச் சந்தில் நிற்பது புகையிலை வியாபாரி. இதில் யாரைக் குற்றம் சொல்வது? கதவைச் சாத்தியவனை விட்டுவிட்டு, சந்தில் நுழைந்த பெண்ணிடம் அரசியல் தெளிவு கேட்பது நம் விமர்சனத்தின் நெடுநாள் நோய். நான்சி ஃபிரேசர் 2013இல், பெண்ணியத்தின் இரண்டாம் அலை முதலாளியத்துக்குப் பணிவிடை செய்யும் இடத்துக்கு வந்துவிட்டதாக எழுதினார். முக்கியமான எச்சரிக்கைதான். ஆனால் சம்பளமே வாங்காத பெண்ணிடம் அதை எப்படிப் பொருத்துவது?

*

சரி, அந்தப் பணம் என்ன வாங்குகிறது?

முதலில் உடலை. ரக்பியில் எனக்குப் பிடித்த விஷயம், அது ஒரே அளவு உடலைக் கேட்காத விளையாட்டு என்பது. ஸ்க்ரம்மைத் தாங்கப் பருமனான உடல் வேண்டும். எல்லைக்கோட்டில் வந்த பந்தை எட்டிப் பிடிக்க நெட்டையான உடல் வேண்டும். காலுக்கடியில் கிடக்கும் பந்தைப் பொறுக்கி வீசக் குட்டையான, சுருசுருப்பான உடல் போதும். பதினைந்து பேரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஊர்த் திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கும். பெண் உடலைப் பற்றிச் சந்தை வைத்திருக்கும் ஒற்றை இலக்கணத்தை இந்த வரிசை தன் இருப்பினாலேயே குலைத்துவிடுகிறது. மல்யுத்தம் பற்றி எழுதிய ரோலான் பார்த், உடலையே ஒரு குறியாக வாசித்தார். இங்கே பதினைந்து விதமான குறிகள். விளம்பரத்துக்கோ ஒரே ஒரு குறிதான் வேண்டும்.

2020இல் கேன்டர்பரி என்ற உடை நிறுவனம் அயர்லாந்து அணியின் புதுச் சட்டையை வெளியிட்டது. ஆண்கள் சட்டையை ஆண் ஆட்டக்காரர்கள் போட்டுக்கொண்டு நின்றார்கள். பெண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றவர்கள் மாடல்கள்! ஆட்டக்காரர் வியர்வை சிந்திய சட்டை, ஆடாத ஓர் உடலின்மேல் தொங்கியது. ஆட்டம் வேண்டும், ஆடுகிறவள் வேண்டாம் என்று இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது. பெண்கள் சும்மா இருக்கவில்லை. ‘நான் போதுமானவள்’ என்ற பொருளுள்ள வாசகத்தோடு தத்தம் அழுக்கும் காயமுமான படங்களை ஆயிரக்கணக்கில் வெளியிட்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

மன்னிப்போடு கதை முடிந்ததா? சந்தை எதையும் வீணாக்காது, எதிர்ப்பையும் சேர்த்து. 2024இல் ஓர் உள்ளாடை நிறுவனம், பாரிஸ் ஒலிம்பிக்கை ஒட்டி, பிரிட்டனின் எழுவர் ரக்பி ஆட்டக்காரர்கள் மூவரையே உள்ளாடையில் மைதானத்தில் நிறுத்திப் படம் பிடித்தது. வலிமைதான் அழகு என்பது அதன் வாதம். மாடலை நிறுத்தியது தப்பு என்றீர்களே, இதோ நிஜ ஆட்டக்காரர்! படங்களைக் கண்டித்தவர்களும் உண்டு. அந்தப் பெண்கள் தங்கள் முடிவை ஆதரித்துப் பேசினார்கள். அவர்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று நான் எழுத மாட்டேன். அப்படி எழுதுவது இன்னொரு வகை ஆதிக்கம். என் கேள்வி வேறு: அழகு என்ற அளவுகோல் ஏன் இன்னும் களத்துக்குள் நிற்கிறது? வலிமை, அழகு என்று நிரூபிக்கப்பட்ட பிறகுதான் அனுமதிக்கப்படுமா? ஆண்கள் அணியின் ஸ்க்ரம்காரர் மூக்கு உடைந்து, காது முறுக்கிப் போய் நிற்கிறபோது அவரிடம் யாரும் அழகை எதிர்பார்ப்பதில்லையே.

ஆனாலும் இதை ஒரு வழிப் பாதையாகப் பார்க்க விடாமல் ஒருவர் குறுக்கே நிற்கிறார். அமெரிக்க எழுவர் அணியின் இலோனா மாஹர். சிவப்பு உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு எதிராளியை மண்ணில் சாய்ப்பவர். அவருடைய உடல் எடைக் குறியீடு 30 இருக்கும் என்று ஒருத்தர் ஏளனம் செய்தார். ஆமாம், 30தான் என்று ஒப்புக்கொண்டு எடை, உயரம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார் மாஹர். பிறகு, நான் ஒலிம்பிக்குக்குப் போகிறேன், நீங்கள் போகவில்லை என்று முடித்தார். மருத்துவ அளவீடு எப்படி உடலை வகைப்படுத்தி அடக்கும் கருவியாகிறது என்று ஃபூக்கோவை வைத்து நாம் நாற்பது பக்கம் எழுதுவோம். இவர் ஒரு நிமிஷத்தில், கைபேசிக்கு முன்னால் நின்று, அந்த எண்ணைத் திருப்பி அடித்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் பொறாமையாக இருந்தது. 2024இல் அந்த அணி வெண்கலம் வென்றதும் மிஷெல் காங் என்ற தொழிலதிபர் அணிக்கு 40 லட்சம் டாலர் அறிவித்தார். லட்சக்கணக்கான ரசிகர்களை மாஹர் தம் கைபேசியால் சேர்த்த பிறகுதான் விளம்பர உலகம் அவர் வாசலில் வரிசை கட்டியது. மறுபடியும் அதே ‘ஆல்’. யாரால் யார் வளர்ந்தது?

*

உடலைப் பற்றி நாம் பேசத் தயங்குவதில்லை. இதழ் இதழாகப் பேசியிருக்கிறோம். கணக்குப் புத்தகம் என்றால்தான் கொட்டாவி விடுகிறோம். அசல் அரசியல் அங்கேதான் இருக்கிறது.

வெகுகாலம் ரக்பியில் பெண்கள் ஆட்டத்தின் வணிக உரிமை தனியாக விற்கப்படவில்லை. ஆண்கள் ஆட்டத்தை வாங்குகிறவருக்கு அது கொசுறு. கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை மாதிரி. உலக ரக்பி அமைப்பு அண்மைய ஆண்டுகளில் இந்த உரிமைகளைப் பிரித்துத் தனியே விற்க ஆரம்பித்தது. 2021இல் மாஸ்டர்கார்ட் முதல் ஆளாக வந்தது. கறிவேப்பிலைக்கு விலை போட்டார்கள் என்று கிண்டல் செய்யலாம். செய்ய மாட்டேன். விலையே இல்லாமல் இருந்ததும் அடிமைத்தனம்தான். ஐரோப்பாவின் ஆறு நாடுகள் போட்டியில் பெண்கள் தொடருக்கு 2022, 2023 ஆகிய இரண்டு வருஷங்களும் டிக்டாக் பேர் இருந்தது. 2024இல் ஆண்கள் தொடரின் புரவலரான கின்னஸ் பெண்கள் தொடருக்கும் வந்தது. ஒரே பீர், இரண்டு பால்: இதைச் சமத்துவம் என்று கொண்டாடினார்கள். (1917இல் பீர் ஆலையின் பெண்கள் ஆடினார்கள். இப்போது பீர் ஆலையின் பேரைத் தாங்கிய தொடரில் ஆடுகிறார்கள். முன்னது குறைந்தபட்சம் வேலையாவது கொடுத்தது.) ஃபிரான்ஸில் மட்டும், மது விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் 1991ஆம் வருஷத்து எவேன் சட்டம் இருப்பதால், மைதானத்தில் கின்னஸ் தன் பேரைப் போட முடியாது. எழுத்துருவை அப்படியே வைத்துக்கொண்டு ‘கிரேட்னஸ்’ என்று போட்டுக்கொள்கிறார்கள். திருட்டுத்தனம்தான். ஆனால் சட்டம் என்று ஒன்று இருந்தால் பெருநிறுவனம் தன் பேரைக்கூட மாற்றிக்கொள்ளும் என்பதும் அதில் தெரிகிறது. ‘முதலாளியத்தின் தர்க்கம் தடுக்க முடியாதது’ என்று கோட்பாட்டுக் கட்டுரைகளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பலகைதான் ஞாபகத்துக்கு வரும்.

பேர் எழுதுவது சின்ன விஷயம். பெரிய விஷயம், பணம் எந்தக் குழாய் வழியாக வருகிறது, அந்தக் குழாயை மூடும் திருகு யார் கையில் என்பது. 2017இல் பெண்கள் இங்கிலாந்து அணி உலகக் கோப்பை இறுதியாட்டம்வரை போய் நியூசிலாந்திடம் 41-32 என்று தோற்றது. அந்தப் போட்டியோடு பதினைவர் அணி ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள் காலாவதியாயின. புதுப்பிக்கவில்லை. அடுத்துவரும் எழுவர் போட்டிகளுக்குப் பணத்தைத் திருப்புகிறோம் என்றது சங்கம். உலகின் இரண்டாவது சிறந்த அணி மறுபடி வேலை தேடிப் போயிற்று. 2019 ஜனவரியில்தான் 28 பேருக்கு முழுநேர ஒப்பந்தம் வந்தது. 2025இன் கோப்பைக்குக் காரணம் தேடுகிறவர்கள் பீர்க் கம்பெனியையும் அட்டைக் கம்பெனியையும் விட்டுவிட்டு இந்த 28 காகிதங்களைப் பார்க்கலாம். 2023இல் அதே சங்கம் 26 வாரம் முழுச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு அறிவித்தது. கருவுற்றதும் ஆட்டம் முடிந்தது என்ற நிலை மாறியது. விளம்பரப் படத்தில் வரும் ‘அதிகாரம் பெற்ற பெண்’ணுக்கும் இந்த 26 வாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வலியுறுத்தத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். முன்னது நினைத்தால் கழற்றிவிடக்கூடிய அலங்காரம். பின்னதை வைத்து வழக்குப் போடலாம்.

மறுபக்கமும் உண்டு. வாஸ்ப்ஸ் கிளப்பின் பெண்கள் அணி 1984இல் தொடங்கியது. ஆண்கள் ரக்பி தொழில்முறையாவதற்கு 11 வருஷம் முன்பே இருந்த அணி. ஆண்கள் கிளப்பை நடத்திய கம்பெனி கடனில் மூழ்கி 2022 அக்டோபரில் திவால் நடவடிக்கைக்குள் போனது. 2023-24 லீக்கில் வாஸ்ப்ஸ் பெண்கள் இல்லை. வூஸ்டர் கிளப்பும் 2022 செப்டம்பரில் அப்படியே விழுந்தது. அதன் பெண்கள் அணி வேறொரு நிறுவனத்தின் உதவியில் ஒரு பருவம் தாக்குப்பிடித்தது. அந்த உதவியும் நின்றது. 2023 அக்டோபரில், புதுப் பருவம் தொடங்க ஒரு மாதம்போல இருக்கும்போது, லீக்கிலிருந்து விலக நேர்ந்தது. இத்தனைக்கும் அந்த லீக்கின் நெற்றியில் அல்லியன்ஸ் என்ற காப்பீட்டுக் கம்பெனியின் பேர். காப்பீடு! அது லீக்கின் பேருக்குக் கிடைத்தது, ஆட்டக்காரரின் வேலைக்குக் கிடைக்கவில்லை. தாங்கள் வாங்காத கடனுக்காக, தாங்கள் உட்காராத நிர்வாகக் குழு எடுத்த முடிவுகளுக்காக, இரண்டு பெண்கள் அணிகள் மறைந்தன. பெண்கள் ரக்பி ‘வளர்ந்துகொண்டிருந்த’ அதே வருஷங்களில்தான் இது. 2023 ஏப்ரலில் இங்கிலாந்தும் ஃபிரான்ஸும் ஆடியதைப் பார்க்க ட்விக்கனத்துக்கு 58,498 பேர் வந்தார்கள். உச்சியில் கூட்டம் கூடியபோதே அடியில் வேர் அழுகியது.

தனியார் மூலதனக் குழுவான சி.வி.சி. 2021இல் 36.5 கோடி பவுண்டுக்கு ஆறு நாடுகள் போட்டியில் ஏழில் ஒரு பங்கை வாங்கியது. பெண்கள் தொடரும் அதில் அடக்கம். இவர்கள் சட்டையில் பேர் போட வந்த புரவலர்கள் அல்ல, பங்கை வாங்கிப் பின்னால் விலையேற்றி விற்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள். புரவலர் போனால் அடுத்தவரைத் தேடலாம். பங்குதாரரை அனுப்ப முடியாது. நம் விமர்சனமெல்லாம் விளம்பரப் பலகையிலேயே முட்டிக்கொண்டு நிற்பதால் இந்த மாற்றம் நம் கண்ணில் படுவதில்லை. (2025 ஜூனில் மும்பையில் நடந்த ரக்பி பிரீமியர் லீக்கில் ‘சென்னை புல்ஸ்’ கோப்பையை வென்றது. நம்ம ஊர்ப் பேரைச் சுமந்த அணி, பெருநிறுவனப் பேரைச் சுமந்த லீக். அந்த முதல் தொடர் ஆண்களுக்கு மட்டும். சந்தை தானாகப் பெண்களைத் தேடி வரும் என்று நம்புகிறவர்களின் கவனத்துக்கு.)

*

கடைசியாகக் கனடா. உலகத் தரவரிசையில் இரண்டாமிடத்தில் இருந்த அந்த அணி, 2025 உலகக் கோப்பைக்குத் தயாராகப் பணம் போதாமல், பொதுமக்களிடம் கை நீட்டியது. பத்து லட்சம் கனடா டாலர் திரட்டுவது இலக்கு. 1991இல் வோட்கா மூட்டை, 2025இல் உண்டியல். பணக்கார நாடு, உலகக் கோப்பை, ‘வளர்ச்சி’யின் உச்சம், அப்போதும் உண்டியல். அவர்கள் அரையிறுதியில் நியூசிலாந்தை 34-19 என்று சாய்த்தார்கள். இறுதியில் தோற்றார்கள். ஆட்டக்காரர்கள் நின்ற மைதானத்தின் பேர் இப்போது ட்விக்கனம் இல்லை, அதே காப்பீட்டுக் கம்பெனியின் பேர். 2024இல் விற்றது. விற்ற பணம் ஆண்களுக்கெவ்வளவு, பெண்களுக்கெவ்வளவு, சிறுமிகள் ஆடும் ஊர்க் கிளப்புக்கு எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு என்று கேட்பது கணக்குப்பிள்ளை வேலையாகத் தோன்றலாம். நான் அந்தக் கணக்குப்பிள்ளைகளின் பக்கம். ஒப்பந்தம் எத்தனை வருஷம், ஆண்கள் கிளப் விழுந்தால் பெண்கள் சம்பளத்துக்கு யார் பொறுப்பு, வணிகக் குழுவில் ஆட்டக்காரர்களின் சங்கத்துக்கு இடமுண்டா: விளம்பரப் படத்தின் சொல்லாடலைக் கட்டுடைக்கிற சாமர்த்தியத்தில் பாதியை இந்த மூன்றுக்குச் செலவிட்டால் போதும்.

இறுதியாட்டத்தில் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் மண்ணில் சாய்த்த இரண்டு நாட்டுப் பெண்களில் பலர், அடுத்த மாதம் தொடங்கிய இங்கிலாந்து லீக்கில் ஒரே கிளப் சட்டையில் தோளோடு தோள் கோத்து ஸ்க்ரம்மில் குனிந்தார்கள். வாஸ்ப்ஸ், வூஸ்டர் பேர்கள் அந்த அட்டவணையில் இல்லை.